கழக்கூட்டத்து நோக்குகூலி

திருவனந்தபுரம் ஆரியசாலையில் அரிசி லாரி வந்து நின்றால் நீலச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். ஒருவன் தலையில் மூட்டை ஏறும்போது இன்னொருவன் கை தானாக வந்து தாங்கும். இவர்கள் யாரும் பொன்முடிக்குப் பஸ் பிடித்துப் போய், கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியர் மேல் மல்லாக்க விழுந்து நம்பிக்கை பழகியவர்கள் இல்லை. மூட்டை சரிந்தால் கழுத்து முறியும். அந்தப் பயிற்சியே போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சுமட்டுத் தொழிலாளிகளைத்தான் ஊரே திட்டித் தீர்த்தது. அடுத்தவன் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே காசு கேட்டார்களாம். நோக்குகூலி. கேட்டது உண்மை, அடாவடி பண்ணியதும் உண்மை. 2018 மே தினத்திலிருந்து கேரள அரசே அதற்குத் தடை போட்டது. ரொம்ப நல்லது. ஆனால் அந்தத் தடை ஆரியசாலைக் கடைத்தெருவோடு நின்றுவிட்டதே! பைபாஸ் ஏறிக் கழக்கூட்டம் வரை போக அதற்கு வண்டி கிடைக்கவில்லையா?

கழக்கூட்டத்தில் 1990இல் பிறந்த டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே ஏதாவது ஒரு மாடிக்கு ஏறிப் பாருங்கள். கோடு எழுதுகிறவர்கள் மூன்று பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு லீட். லீடைப் பார்க்க மேனேஜர், மேனேஜரைப் பார்க்க டெலிவரி ஹெட், இத்தனை பேரையும் அமெரிக்காவிலிருந்து திரையில் பார்க்க ஒரு வைஸ் பிரசிடெண்ட். மூட்டை மூன்று தலையில்தான். மற்றவர்கள் அதை எக்ஸெல்லில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துப் பார்ப்பார்கள்.

பிரெட் புரூக்ஸ் ஐபிஎம்மில் பட்டுத் தெளிந்து 1975இலேயே எழுதி வைத்தார்: தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். நம் தலைவர்கள் புத்திசாலிகள், ஆளை விட்டுவிட்டு மணியைக் கூட்டினார்கள். 2023இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் ஏலத்தை 90க்கு உயர்த்தி, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். மனைவியைப் பார்த்தால் அது வீண். மானிட்டர் முன் குனிந்திருப்பவன் முதுகைப் பார்த்தால் மட்டும் சம்பளம், போனஸ், பங்கு!

நல்ல அணி எது என்று கூகுள் தன் அணிகளையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தது. பயப்படாமல் தப்பைத் தப்பு என்று சொல்ல முடிகிற அணிதான் முன்னால் நின்றது. இங்கே சொல்லிப் பாருங்களேன்.

"சார், டெஸ்டிங் முடியல. வெள்ளிக்கிழமை ரிலீஸ் வேண்டாம்."

"ஏம்மா நெகட்டிவா பேசறே? ஒரு டிராப்டவுன்தானே!"

வெள்ளி இரவு ரிலீஸ் போகும். சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துவிடும். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அதை எழுப்புகிறவள், வேண்டாம் என்று சொன்ன அதே பெண். திங்கட்கிழமை பாராட்டு மெயில் வரும், ஹீரோ என்று அதில் மேனேஜர் பெயர் இருக்கும். அப்ரைசலில் அவளுக்குக் கடைசி ரேட்டிங். ஐந்து பேர் அணியில் ஒருத்தர் கட்டாயம் மட்டமாக இருந்தாக வேண்டும் என்பது பெல் கர்வ் சாஸ்திரம். யாரும் மட்டமாக இல்லையென்றால்? ஆக்கிவிட வேண்டியதுதான், அதற்குத்தானே தலைவர்.

சுமட்டுக்காரனுக்கென்று தனிச் சட்டமே வந்தது, நலவாரியம் இருக்கிறது, ஏற்றுகூலி இறக்குகூலிக்குப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் ராத்திரிக்கு எந்தப் பட்டியலில் ரேட் போட்டிருக்கிறது? அவளாகப் போக நினைத்தால் 90 நாள் நோட்டீஸ். அவளைப் போகச் சொல்ல ஒரு மதியம் போதும், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் லாகின் பூட்டியிருக்கும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஓணத்துக்குப் பூக்களம் போட்டுப் பேசிய அதே வாய் அப்போது ஹெச்ஆரைக் கை காட்டும்.

நம் தலைவர் போன வாரம் லிங்க்ட்இன்னில் 'வலுவான அணியை நான் கட்டிய விதம்' என்று பதினோரு பத்தி எழுதியிருந்தார். முதலில் லைக் போட்டவர்கள் அவர் அணிப் பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருமே நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார்கள்.