வகை சொல்லி அழைக்கவும்: ரூபி கேள்வி-பதில்

கே: ரூபியில் பாயிண்டர் தொல்லை கிடையாது என்றுதானே இந்தப் பக்கமே வந்தேன். டிஎல்எல்லை அழைக்கப் போனால், அதற்கான ரூபி நூலகமான ஃபிடில் பாயிண்டரைத்தான் முதலில் கேட்கிறது! (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: கிடையாது என்று யார் சொன்னது? உங்கள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார் ரூபியை உருவாக்கிய மாட்ஸ், அவ்வளவுதான். 1995இல் வெளிவந்த ரூபியே சி மொழியில் எழுதப்பட்டது. ரூபிக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு பொருளுக்கும் தான் யார் என்று தெரியும். வாசலைத் தாண்டிவிட்டால் வெறும் பைட்டுகள்தான். முழு எண் என்றால் முழு எண், முகவரி என்றால் முகவரி. நீங்கள் சொல்வதை சி அப்படியே நம்பிவிடும், சரிபார்க்க ஆளில்லை.

கே: எங்கள் கடை ரசீது பிரிண்டரில் தாள் தீர்ந்தால் -1 வரும் என்கிறது கையேடு. எனக்கு 4294967295 வருகிறதே? (கிள்ளான்)

ப: தாள் தீர்ந்துவிட்டது, போய் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றுதான்: 32 பிட், எல்லாமே 1. குறியுள்ள எண்ணாகப் படித்தால் -1, குறியற்றதாகப் படித்தால் 429 கோடி. திரும்பி வரும் வகையைக் குறியுள்ள முழு எண்ணாக அறிவியுங்கள். எண் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? பெரிய ‘எல்’ போட்டு பேக் செய்து, சின்ன ‘எல்’ போட்டுப் பிரித்தால் -1 கிடைக்கும்.

கே: டைப் காஸ்டிங் என்றால் மாற்றுவதுதானே? (பூச்சோங்)

ப: பிட்டுகளைப் பொறுத்தவரை இங்கே எதுவும் மாறுவதில்லை. 1.0 என்ற மிதவை எண்ணை ரூபியின் ‘டு_ஐ’ 1 ஆக்கித் தரும், அது மாற்றம். அதே 1.0ஐ சி-யின் ‘ஃப்ளோட்’ ஆக 4 பைட்டில் வைத்து, அந்த 4 பைட்டை முழு எண் என்று சொல்லிப் படித்தால் 1065353216 வரும். பழைய திஸ்கி குறியாக்கத் தமிழ்க் கோப்பை யுனிகோடு என்று நினைத்துத் திறந்தவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. பைட் கெடவில்லை, படித்த விதம்தான் தப்பு. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் நம்மவர்கள் மல்லுக்கட்டியது இந்தக் குறியாக்கச் சிக்கல்களோடுதான்.

கே: ‘கிள்ளான்’ என்று அனுப்பினால் பாதி ஊர்தான் போய்ச் சேருகிறது. (கிள்ளானேதான்)

ப: பாதிகூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு! நம் கண்ணுக்கு அது 4 எழுத்து. ரூபியின் ‘லெங்த்’ 8 என்னும், ஏனென்றால் கொக்கியும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 24. நீங்கள் ‘லெங்த்’தை நம்பி 8 என்று சொல்லியிருப்பீர்கள். ‘பைட்சைஸ்’ கேளுங்கள். இடம் ஒதுக்கும்போது முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கும் ஒரு பைட் சேருங்கள். விண்டோஸின் ‘டபிள்யூ’ என்று முடியும் ஃபங்ஷன்களுக்கு யுடிஎஃப்-16: அதில் 16 பைட், கடைசியில் பூஜ்யம் 2 பைட்.

கே: சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது. ராசியா? (ஷா ஆலம்)

ப: ராசி இல்லை, 4 பைட். 64 பிட் கணினியில் பாயிண்டருக்கு 8 பைட் வேண்டும். திரும்பி வருவதை முழு எண் என்று அறிவித்தால் மேல்பாதி அறுந்துபோகும். முகவரி கீழ்ப்பகுதியில் விழுந்த நாளில் அறுந்தது தெரியாது, அன்று நீங்கள் கெட்டிக்காரர். ‘லாங்’ போட்டு லினக்ஸில் தப்பித்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். அங்கே 64 பிட்டிலும் லாங் 4 பைட்தான். வாய்ட் பாயிண்டர் என்றே அறிவித்துவிடுங்கள்.

கே: கால்பேக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஜோராக ஓடிவிட்டு உயிரை விடுகிறது. ‘ரெஸ்க்யூ’ போட்டும் பிடிபடவில்லை. (பெட்டாலிங் ஜெயா)

ப: ‘ரெஸ்க்யூ’ ரூபியின் பிழைகளைத்தான் பிடிக்கும். செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் பிடிப்பதற்கு ரூபியே இருக்காது. உங்கள் கால்பேக்கின் முகவரியை சி பத்திரமாகத்தான் வைத்திருக்கிறது. அந்தச் சேதி ரூபியின் குப்பை சேகரிப்பானுக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று அது கால்பேக்கைக் கூட்டித் தள்ளிவிட்டது. ஜாலான் தெங்கு கிளானாவில் கடையைக் காலி செய்த பிறகும் பழைய முகவரிக்கே லாரி போகிற கதைதான். கால்பேக்காகக் கொடுத்த ஃபிடில் குளோஷரை ஒரு மாறிலியிலோ, நீடித்திருக்கும் பொருளின் இன்ஸ்டன்ஸ் மாறியிலோ பிடித்து வையுங்கள்.

கே: சி-யின் ‘சார்’ வகை எழுத்து 1 பைட், ஒரு எண் 4 பைட். ஸ்டிரக்ட் எப்படி 8 ஆகிறது?

ப: நடுவில் 3 பைட் சும்மா கிடக்கிறது. 4 பைட் எண்ணை நாலின் மடங்கான முகவரியில் வைப்பதுதான் வழக்கம். கையால் கணக்குப் போடாமல் ஃபிடிலின் இம்போர்ட்டரிடம் விட்டுவிடுங்கள்.

கே: இவ்வளவு வம்புக்கு சி-யிலேயே எழுதிவிடலாமே?

ப: எழுதலாம். பாயிண்டர் அங்கேயும் இதே பாயிண்டர்தான். ஆனால் கம்பைலர் ஹெடர் கோப்பைப் பார்த்து முனகவாவது செய்யும். ரூபியில் அந்த ஹெடரைக் கையால் பெயர்த்து எழுதுகிறவர் நீங்கள், முனக வேண்டியவரும் நீங்களேதான்.