காயா, பழமா?

டஸ்கனிக் கடலோரம் போல்கெரியில் விளையும் சிவப்பு வைன் சாசிக்காயா. 1968ஆம் ஆண்டு விளைச்சல்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. கபெர்னே என்னும் பிரெஞ்சுத் திராட்சையில் செய்த சிவப்பு வைனுக்கு அவ்வூர் விதிகளில் இடமில்லை. எனவே இத்தாலியச் சட்டம் அதை ‘மேசை வைன்’ என்று கடைசிப் பந்தியில் உட்காரவைத்தது. 1994 வரை அதே பந்திதான். இடையில் 1985 விளைச்சலுக்கு அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு போட்டார். அப்புறம் ஏலக்கூடத்தில் சட்டத்தை யார் கேட்டது?

ஏலப் பட்டியல் படிப்பது ஜாதகம் பார்ப்பதுபோல. புட்டியின் கழுத்தில் வைன் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தக்கை கசிந்ததா, லேபிளில் ஈரக்கறை உண்டா? நம் வீட்டில் கறை என்றால் தள்ளுபடி கேட்போம். இங்கே அது நிலவறை ஈரப்பதத்தோடு இருந்ததற்கு நற்சான்றிதழ்! சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணம் தனி (மொய்க்கு மேல் மொய்).

சரி, வாங்கியவராவது குடிப்பாரா? திறந்தால் போட்ட முதல் போச்சே! புட்டி ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு, ஓர் ஏலத்திலிருந்து அடுத்த ஏலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பது வைனா, வினிகரா என்று கேட்பவர், பாவம், ஏலத்துக்குப் புதுசு.