தொட்டிக்கேற்ற மீசை

கே: சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீடு. இரண்டடித் தொட்டி. கெளுத்தி இனத்தில் எதை வளர்க்கலாம்?
ப: கோரிடோரஸ். கடையில் ‘கோரி’ என்றால் எடுத்துத் தருவார்கள். பூர்வீகம் தென் அமெரிக்கா. முழுசாக வளர்ந்தாலும் இரண்டரை அங்குலம். உங்கள் வாடகை உயரும் வேகத்தில் இது உயராது!

கே: ஜோடியாக வாங்கினால் போதுமா?
ப: குறைந்தது ஆறு வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் பயந்து மூலையில் முடங்கும். அடியில் நைசான மணல் போடுங்கள். கூரான சரளை மீசையைத் தேய்த்துவிடும்.

கே: ஒரகடத்தில் எனக்கு நைட் ஷிப்ட். எப்போது தீனி போடுவது?
ப: மாலையில் லைட்டை அணைத்து, அடியில் மூழ்கும் தீனியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் மேய்வது கோரிக்கும் பழக்கம்தான்.

கே: அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்குகிறதே, நோயா?
ப: இல்லை. குடல் வழியாகவும் அது சுவாசிக்கும். எல்லாம் ஓயாமல் மேலேயே பாய்ந்தால் மட்டும் ஏர் பம்ப்பைப் பாருங்கள். கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

கே: என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது!
ப: அதற்கு இமையே கிடையாது; விழியைச் சட்டென்று கீழே உருட்டுகிறது. வீட்டில் யாராவது விளக்கம் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

கே: கோடையில் அறை கொதிக்கிறதே?
ப: கோரியில் ‘ஸ்டெர்பாய்’ வகை சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சின்ன ஃபேன் ஒன்றும் வையுங்கள்.

கே: ‘டேங்க் கிளீனர்’ என்று நண்பர் ஒரு சக்கர் மீன் கொடுத்தார். நல்லதுதானே?
ப: இன்றைக்கு மூன்று அங்குலம், நாளைக்கு ஒன்றரை அடி. சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வதே அதிகம். பாசி தின்ன ஆள் வேண்டுமென்றால் ஐந்து அங்குலத்தோடு நிற்கும் பிரிஸ்டில்நோஸ் வாங்குங்கள். மற்றபடி, தொட்டி கழுவும் வேலை உங்களுடையது.

கே: சக்கர் பெரிதானதும் செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டுவிடலாமா?
ப: கூடவே கூடாது. சென்னை குடிக்கிற தண்ணீர் அது. சக்கர் கரையில் வளை தோண்டும். நாட்டு மீன்களின் இரையையும் பறிக்கும். கொடுத்த நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கே: கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகிறேன். முதலில் என்ன கேட்க வேண்டும்?
ப: விலையை அப்புறம் கேளுங்கள். “இது எவ்வளவு பெரிதாகும்?” என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.