மஞ்சப்பைக்குள்ள மூணு நெஞ்சு

வா பேராண்டி, உக்காரு. ஓஎம்ஆர் கம்பெனியில ஆஸ்பத்திரிக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலையாமே? ஹார்ட் ஃபெயிலியர்காரங்க விவரத்தையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கப் போறியாம். அதுக்கு முடிச்சூர்க் கெழவன்கிட்ட யோசனை கேக்க வந்த பாரு, நீ பொழைச்சுக்குவே.

மொதல் யோசனை: எதையும் மாத்தாதே. இப்ப என்ன கொறை வந்துச்சு? எங்க மச்சானுக்கும் அந்த வியாதிதான். பேரைக் கேட்டு ஹார்ட் நின்னு போச்சுன்னு நெனைக்காதே. ரத்தத்தை இறைக்கிற தெம்பு கொறைஞ்சிருக்கு. படுத்தா மூச்சு வாங்கும், கால் வீங்கும். அவர் மஞ்சப்பையைப் பிரிச்சா ஒரே மாசத்துல எடுத்த மூணு எக்கோ ரிப்போர்ட். ஒண்ணுல ‘இ.எஃப். 35 சதவீதம்’, அதாவது ஹார்ட் ஒரு துடிப்புல வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு. அடுத்ததுல நம்பரே இல்ல, ‘எல்.வி. ஃபங்ஷன் ஃபேர்’. மூணாவதுல ‘பம்பிங் சுமார்’. ஆளு ஒருத்தர், பையில நெஞ்சு மூணு. யாருக்குக் கெடைக்கும் இந்தச் சொத்து?

பேரு மட்டும் இளைச்சதா? ஒரு சீட்டுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, இன்னொண்ணுல அவங்க அப்பாவே நோயாளி. அந்த மனுஷன் போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு, சீட்டுப்படி இன்னும் லாசிக்ஸ் நீர் மாத்திரை முழுங்கிக்கிட்டு இருக்கார். எடைக்குக் கோடு. பி.பி. எப்பவும் 120/80, கூடப் போன எனக்கும் அதேதான் எழுதியிருப்பாங்க, நான் கையை நீட்டல.

இ.எஃப். 40-ம் அதுக்குக் கீழேயும் ஒரு வகை, 41-லேருந்து 49 வரைக்கும் ஒரு வகை, 50-ம் அதுக்கு மேலயும் இன்னொரு வகை. வகைக்குத் தக்கபடி மருந்து மாறும். ‘சுமார்’ எந்த வகைல வரும், நீயே சொல்லு.

எங்க காலத்துல ஊருக்கு ஒரு மரக்கால். இந்த ஊருல பத்து மரக்கால்னு அளந்த நெல்லு அந்த ஊருல ஒன்பதாயிடும். வழியில யாரும் திருடல, மரக்கால் வேற. 1956-ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு, அப்புறம் கிலோ வந்துதான் அந்தச் சண்டை ஓஞ்சுது.

அதே 1956-ல சென்னை சேத்துப்பட்டுல, காசநோய்க்காக, இன்னொரு அளவு வேலை தொடங்குச்சு. நம்ம தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரு வந்ததே டாக்டர் சவுரிமுத்து 1928-ல ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரியால. அந்த மாதிரி எடத்துல நல்ல காத்து, நல்ல சாப்பாடுன்னு படுத்துக் கெடந்தாத்தான் காசநோய் தீரும்னு உலகமே நம்பின காலம். சேத்துப்பட்டு ஆராய்ச்சிக்காரங்க ஒரே மருந்தைப் பாதிப் பேருக்கு வீட்டுலயும் மீதிப் பேருக்கு சானடோரியத்துலயும் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே முறையில அளந்து எழுதினாங்க. 1959-ல முடிவு வந்துச்சு: வீட்டுலயே குணமாக்கலாம். எழுத்து சுத்தமா இருந்ததால உலகம் கேட்டுக்கிச்சு.

நெஞ்சுக்கும் ஆளுங்க இப்படிச் செஞ்சிருக்காங்க. 2013-ல திருவனந்தபுரத்துல 18 ஆஸ்பத்திரி சேந்து 1,205 நோயாளிங்களை ஒரே பதிவேட்டுல ஏத்தினாங்க. அப்புறம் நாடு முழுக்க 53 ஆஸ்பத்திரி, 10,800-க்கு மேல ஆளுங்க. என்ன தெரிஞ்சுது? சராசரி வயசு 60-தான். ஆஸ்பத்திரியில சேந்த 90 நாளைக்குள்ள 100-க்கு 14 பேர் போயிடறாங்க. குடுக்க வேண்டிய மருந்து முறைப்படி கெடைச்சவங்க பாதிகூட இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேற மாதிரி எழுதியிருந்தா இதுல ஒண்ணுகூட வெளிய வந்திருக்காது.

‘இப்பதான் ஆளுக்கு ஆள் 14 இலக்க ஆபா ஹெல்த் நம்பர் இருக்கே தாத்தா’ங்கறியா? இருக்கட்டும், நல்லதுதான். 2015 வெள்ளத்துல அடையாறு எங்க தெருவுக்குள்ள வந்து மச்சான் ஃபைலைப் படிக்க வாங்கிட்டுப் போச்சு, இன்னும் திருப்பிக் குடுக்கல. கம்ப்யூட்டர்ல இருந்தா அந்தத் தொல்லை இல்ல. ஆனா அந்த நம்பர் ஆளு யாருன்னுதான் சொல்லும். உள்ள ‘சுமார்’னு இருந்தா, அந்த ‘சுமார்’ காஷ்மீர் வரைக்கும் ஜோராப் போய்ச் சேரும்.

டாக்டரைக் கொறை சொல்லாதே. ஓ.பி. வரிசை கேட்டைத் தாண்டி நிக்குது. நீ அறுபது கட்டம் போட்ட ஃபாரத்தை நீட்டினா, அறுபதுலயும் ‘நார்மல்’னு டிக் அடிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதை வெச்சுப் படம் போட்டு மீட்டிங்ல காட்டு, கை தட்டுவாங்க.

உண்மை வேணும்னா பத்துக் கட்டம் போதும்: வயசு, எடை, பி.பி., நாடித்துடிப்பு, தேதியோட இ.எஃப். நம்பர், மூச்சு வாங்கறது ஒண்ணுலேருந்து நாலுல எந்த அளவு, கிரியாட்டினின், பொட்டாசியம், வியாதி வந்த காரணம், மாத்திரைப் பேரும் அளவும். ஒவ்வொண்ணுலயும் ‘அளக்கல’ன்னு எழுதவும் எடம் விடு. அது இல்லாட்டி ஜனங்க பொய்தான் எழுதுவாங்க. அந்தப் பத்தை எல்லா ஆஸ்பத்திரியும் ஒத்துக்கிட்ட பிறகு கம்ப்யூட்டரைத் தொறடா. நீங்க மொதல்ல ஆப்பைச் செஞ்சிட்டு, அப்புறம் என்ன எழுதறதுன்னு கமிட்டி போடறீங்க.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுல இந்த வியாதிக்காரங்க இருந்தா, கம்பெனியையும் கமிட்டியையும் எதிர்பாக்காதீங்க. ஒரு நோட்டு வாங்குங்க. தினம் காலையில ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே மெஷின்ல எடை பாத்துத் தேதி போட்டு எழுதுங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறினா சதை போட்டிருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. நீர் கோத்திருக்கும், அன்னிக்கே நோட்டோட டாக்டர்கிட்டப் போங்க.