உருட்டிக்கினு வர்ற மார்கழி

வாங்கு நைனா, தாராளமா வாங்கு. சக்கரம் வெச்ச ஏசி, ரூமுக்கு ரூம் உருட்டிக்கினு போலாம், சுவத்துல ஓட்டை போட வேணாம், மேஸ்திரிய கெஞ்ச வேணாம், வூட்டு ஓனரம்மா மூஞ்சியப் பாக்க வேணாம். ₹30,000, ₹40,000 போனா இன்னா? மருமவப் பொண்ணு நிம்மதியா தூங்கட்டும். மே மாசத்துல திருப்பதி மேல்மச்சுல குடியிருந்துகினு, ராத்திரி பத்து மணிக்கும் தலகாணி சுடுதுன்னு நீ போன்ல அழுத அழுகை நகரி வரைக்கும் கேட்டுது. வேணாம்னு சொல்லி அந்தப் பாவத்த நான் கட்டிக்க மாட்டேன். கடைக்குப் போறதுக்கு முந்தி கெழவன் கொஞ்சம் பேசிக்கறேன், காதுல மாட்டிக்கினு கீறத கழட்டிட்டுக் கேளு.

வெயில நம்மூருக்கு எவனும் புதுசா கொண்டாந்து எறக்கல. 1960-ல திருத்தணிய மெட்ராஸ் பக்கம் குடுத்துட்டு சத்தியவேடு பக்கத்து ஊருங்கள ஆந்திரா பக்கம் வாங்கினாங்க. 2022 ஏப்ரல்ல சித்தூர் ஜில்லாவையே துண்டு போட்டாங்க. நகரி சித்தூர்ல நின்னுச்சு, புத்தூர் திருப்பதி ஜில்லாவுக்குப் போச்சு. கோடு எத்தனை தரம் நகர்ந்தாலும் வெயில் மட்டும் ரெண்டு பக்கமும் பட்டா வாங்கி வெச்சுக்கினு கீது. வசதி இருந்தவன் மலை ஏறினான். கடப்பை கலெக்டரு ஹார்ஸ்லி துரை 1870 வாக்குல மதனப்பள்ளி பக்கத்துல 4,000 அடி ஒசரத்துல வூடு கட்டிக்கினாரு, மலைக்கே அவர் பேரு ஒட்டிக்கிச்சு. சந்திரகிரி ராஜா மலை ஏறல. மரக்கட்டையே போடாம கல்லு, செங்கல், சுண்ணாம்புன்னு மகால் கட்டினாரு. நடு மத்தியானம் அந்த ராஜமகாலுக்குள்ள போய் சுவத்துல முதுகு வெச்சு நின்னுப் பாரு, அந்தச் சுவத்தோட தடிமன் இன்னா வேலை செய்யுதுன்னு புரியும். உனக்கு மலையும் இல்ல, மகாலும் இல்ல. தலைக்கு மேல அஞ்சு இன்ச்சு கான்கிரீட்டு கீது, அதுக்குக் கீழ கட்டில் கீது.

ஏசின்னா குளுமை செய்யற மிஷின்னு நெனைச்சுக்கினு கீற. குளுமைய எந்த மிஷினும் செய்யாது. உள்ள கீற சூட்ட வாரி வெளிய கொட்டுது, அவ்ளோதான் அதோட வேலை. 1902-ல கேரியர்னு ஒரு அமெரிக்காக்காரரு இத்த மொதல்ல செஞ்சதே மனுஷனுக்காக இல்ல. புரூக்ளின்ல ஒரு அச்சாபீசு, காத்துல ஈரம் ஏறினா காகிதம் விரிஞ்சு கலர் மேல கலர் சரியா உக்காரலையாம், அதுக்காக செஞ்சாரு. சுவத்துல மாட்டற ஸ்பிளிட் ஏசியில சூட்டைக் கொட்டற பாதி வெளிய மொட்டைமாடியில உக்காந்துகினு கத்தும். உன் உருட்டு வண்டியில ரெண்டு பாதியும் ஒரே பொட்டிக்குள்ள, அந்தப் பொட்டி உன் கட்டிலுக்குப் பக்கத்துல. கத்தறதும் அங்கதான். சூட்ட வெளிய தள்றதுக்கு முதுகுல ஒரு மடிப்பு மடிப்பான குழாய், தும்பிக்கை தடிமன் இருக்கும். கடைக்காரன் ரிமோட்டக் காட்டுவான், புளூடூத்தக் காட்டுவான், குழாயை மட்டும் காட்ட மாட்டான்.

நம்ம வகையில ஒருத்தரு, உனக்குப் பெரியப்பா முறை, பேரு வேணாம். பொட்டியை வாங்கியாந்தாரு. குழாய் நீட்டிக்கினு அசிங்கமா கீதுன்னு கட்டிலுக்கடியில சுருட்டி வுட்டுட்டாரு. மூஞ்சிக்கு நேரா ஜில்லுன்னு காத்து, முதுகுக்குக் கீழ இட்லி குண்டான் ஆவி. ஏத்தம் இறைச்ச தண்ணி வாய்க்கால் ஒடைஞ்சு திரும்ப கெணத்துக்கே போன கதைதான். அதுவாவது தண்ணி அதே தண்ணி. இங்க மோட்டார் தின்ன கரண்டும் சூடாகி ரூமுக்குள்ளயே சேந்துக்கிச்சு. ரூம் முன்னைய விட சூடாச்சு. மிஷின் சரியில்லன்னு கம்பெனிக்காரனுக்கு போன் மேல போன் போட்டாரு மனுஷன்.

நீ படிச்சவன், குழாயை ஜன்னல் வழியாத்தான் வுடுவே. ஆனா எந்த ஜன்னல்? பொட்டியோட ஒரு பிளாஸ்டிக் பட்டை குடுப்பான், மேலயோ பக்கத்துலயோ நகத்தித் தொறக்கற ஜன்னலுக்குன்னே செஞ்சது. உன் ரூம் ஜன்னல் எப்படி கீது? வெளிப்பக்கமா தொறக்கற ரெண்டு மரக்கதவு, உள்ள இரும்புக் கம்பி, அதுக்கு மேல மருமவ ஒட்டி வெச்ச கொசுவலை. கம்பி சந்துல அந்தக் குழாய் நுழையாது. கதவத் தொறந்தாத்தான் குழாய், தொறந்தா அந்தப் பக்கத்து அனல் மொத்தமும் உள்ள. அப்புறம் இன்னா செய்வே? டிவி வந்த அட்டைப் பொட்டி, தெர்மாகோல், பழுப்பு டேப்பு. பாக்கறவங்க ரூம்ல போட்டோ கழுவறியான்னு கேப்பாங்க. தெர்மாகோல்ல வட்டமா அறுத்து, சந்து இல்லாம ஒட்டி, குழாயை வளைக்காம நீட்டாம நேரா வுட்டா அது கெட்டிக்காரத்தனம், நான் ஒத்துக்கறேன். ஓடிக்கினு இருக்கசொல்ல குழாய் மேல கைய வெச்சுப் பாரு, சுடும். அந்தச் சூடு ரூமுக்குள்ளதான் கசியும். பழைய கம்பளி ஒண்ணு சுத்தி வை.

இதெல்லாம் செஞ்சப்புறமும் ஒரு திருட்டு கீது, அத்த யாரும் சொல்ல மாட்டாங்க. ஒத்தைக் குழாய் பொட்டி சூட்ட வெளிய தள்ள காத்து வேணுமில்ல? அந்தக் காத்த எங்க இருந்து எடுக்கும்? உன் ரூம்ல இருந்துதான். நீ காசு குடுத்து குளுமையாக்கின காத்தையே உறிஞ்சி, சூட்டை அதுல ஏத்தி வெளிய ஊதுது. போன காத்துக்கு ஈடா வேற காத்து வந்தாகணும். எப்படி வரும்? கதவுக்கடியில, பாத்ரூம் ஜன்னல்ல, ஸ்விட்ச் போர்டு ஓட்டையில. வர்றது கூடத்து அனல், சமையக்கட்டு தாளிப்பு வாசனையோட. நம்பலைன்னா மிஷின் ஓடசொல்ல ஒரு ஊதுவத்திய கொளுத்தி கதவுக்கடியில புடி. புகை மேல போகாது, உள்பக்கமா படுத்துக்கினு ஓடும். அமெரிக்காவுல எரிசக்தித் துறை இத்தையும் சேத்து அளக்க ஆரம்பிச்சப்புறம், அட்டையில குளுத்தற சக்தி 14,000 பிடியூன்னு இருந்த பொட்டிங்க பலது 10,000-ஐத் தாண்டல. நம்ம ஊர்க் கடையில ஒரு டன்னுன்னா 12,000 பிடியூ. அதுல எவ்ளோ உனக்கு, எவ்ளோ கதவுக்கடியில வர்ற அனலுக்குன்னு நீயே பங்கு போட்டுக்க. ரெண்டு குழாய் வெச்ச பொட்டியும் கீது, ஒண்ணு வெளிக்காத்த உறிஞ்சும், ஒண்ணு வெளிய ஊதும். அது நியாயமான மிஷின். நம்ம பக்கத்துக் கடையில கேட்டா, "அப்படி ஒண்ணு லேது சார்"னு சிரிப்பான்.

இதுக்கெல்லாம் மேல ஒரு புண்ணியவான் போன்ல விக்கறான். ₹1,999, உள்ளங்கை அளவு பொட்டி, தண்ணி ஊத்தி போன் சார்ஜர்ல சொருவு, சிம்லா வந்துடும்னு. அதுக்கு குழாயே இல்ல. குழாய் இல்லாதது ஏசி இல்ல நைனா, அது ஈரத்துணியில காத்து வீசற ஃபேன். பெரிய ஏர்கூலரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே மத்தியானம் நம்ம காத்து காஞ்ச காத்து, ஜன்னலைத் தொறந்து வெச்சு கூலரைப் போட்டா நல்லாவே வேலை செய்யும். ஆனா கூலருக்கு ஜன்னல் தொறந்திருக்கணும், ஏசிக்கு மூடியிருக்கணும். ரெண்டையும் ஒரே ரூம்ல ஒண்ணா போட்டு, ஈரத்தை ஒண்ணு ஏத்த, இன்னொண்ணு எறக்க, நடுவுல மீட்டர் மட்டும் சந்தோஷமா சுத்தின வூடு எனக்குத் தெரியும்.

மீட்டர்னதும் ஞாபகம் வந்துச்சு. இந்தப் பொட்டி மணிக்கு ஒண்ணேகால் யூனிட்டு குடிக்கும். எட்டு மணி நேரம் தூங்கினா 10 யூனிட்டு, மாசத்துக்கு 300. நம்ம ஆந்திராவுல மொத 30 யூனிட்டு வரைக்கும் யூனிட்டுக்கு ₹1.90 தான், ஆனா ஏணி மாதிரி ஏறிக்கினே போய் 225-ஐத் தாண்டினா ₹8.75, 400-ஐத் தாண்டினா ₹9.75. உன் ஃபிரிட்ஜு, ஃபேனு, மிக்ஸி எல்லாம் 150-ஐ முன்னாடியே தின்னுட்டு உக்காந்து கீது. அப்ப ஏசி யூனிட்டெல்லாம் ஏணியோட மேல்படியிலதான் விழும். கிட்டத்தட்ட ₹2,500 கூட. அதுக்கு மேல ட்ரூ-அப் சார்ஜுன்னு போன வருஷத்துக் கணக்கை இந்த வருஷம் வசூல் பண்ணுவாங்க, அத்த நான் கேட்டாலும் எனக்குப் புரியாது, கேக்கறதும் இல்ல. எக்ஸ்டென்ஷன் பொட்டியில சொருவி வெக்காதே, அத்த மட்டும் விளையாட்டா சொல்லல. 16 ஆம்ப் பாயிண்ட்ல நேரா சொருவு.

சிரிப்பு இன்னான்னா, ஏசி உன் திருப்பதி ஜில்லாவுலதான் செய்யறாங்க. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில 2023-ல டைகினும் புளூஸ்டாரும் ஃபாக்டரி தொறந்தாங்க. நம்ம பசங்க பஸ்ஸு ஏறிப் போய் ஊருக்கெல்லாம் மாட்ட ஸ்பிளிட் ஏசி பூட்டறாங்க, சாயந்திரம் வந்து மொட்டைமாடியில பாயை விரிச்சுக்கினு படுக்கறாங்க.

சரி, உன் ரூம் ஏன் ராத்திரியில சுடுது, அத்த யோசிச்சியா? வெயில் ஆறு மணிக்கே போயிடுது. கான்கிரீட்டு பகல் பூரா சூட்டைக் குடிச்சு வெச்சுக்கினு, நீ சோறு தின்னுட்டு படுக்க வர்ற நேரம் பாத்து உள்பக்கமா கக்குது. அந்தக் காலத்துல தளத்து மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணிய தெளிச்சு நாள் கணக்கா தட்டுவாங்க, அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. உன் ஓனரம்மா அந்தச் செலவை மிச்சம் புடிச்சு மேல இன்னொரு ரூம் கட்டலாமான்னு பாத்துகினு கீது. திருமலையில மாட வீதியப் பாத்திருப்பியே. செருப்பில்லாம நடக்கற ஜனத்தோட காலு வேகக் கூடாதுன்னு கோடையில வெள்ளை பெயிண்ட் அடிச்சு வெக்கறாங்க. அந்த வெள்ளைக் கோட்டு மேல ஒரு காலையும் கருங்கல் மேல ஒரு காலையும் வெச்சு நின்னுப் பாரு, எந்தக் காலை மொதல்ல தூக்கறேன்னு பாப்போம். மலை மேலயே, 850 மீட்டர் ஒசரத்துல, கீழ விட அஞ்சாறு டிகிரி கம்மியா கீற எடத்துலயே அடிக்கறாங்க. மலைக்குக் கீழ கீற நீ அடிக்க வெக்கப்படறே.

ஒரு மூட்டை சுண்ணாம்பு, ஒட்டறதுக்குக் கொஞ்சம் பசை, ரெண்டு மட்டைப் பிரஷ்ஷு. ஓனரம்மாகிட்ட "தளம் ஒழுகாம இருக்கும், பூச்சு அடிக்கலாம் ஆத்தா"ன்னு நீயே போய் சொல்லு, வாடகையில கழிச்சுக்கவான்னு மட்டும் கேட்டுடாதே. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமா தென்னோலை தட்டி ஒண்ணு. உள்பக்கம் நீ மாட்டின தடி திரை வெளிச்சத்த மறைக்கும், ஜன்னலைத் தாண்டி வந்த சூட்ட இன்னா பண்ணும்? இதெல்லாம் ஆனப்புறம் பொட்டியை உருட்டிக்கினு வா. அப்ப அதுக்கு வேலை பாதியாயிடும், 26-ல வெச்சு மேல ஃபேனையும் போட்டா போதும். நீ 16-ல வெப்பே, எனக்குத் தெரியும். வெச்சுக்க. தூங்கற ரூமைத் தவிர வேற எடத்த குளுத்தப் பாக்காதே, கதவை மூடு, பாத்ரூம் கதவையும் மூடு. மழை மாசத்துல காத்துல ஈரம் கூடினா பொட்டிக்குள்ள தண்ணி ரொம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு பீப்புன்னு கத்தி நின்னுடும், கீழ ஒரு தட்டு வை. சொந்த வூடு கட்டினப்புறம் ஸ்பிளிட் மாட்டிக்க. வாடகை வூட்ல, ஓட்டை போடக் கூடாதுன்னு நிக்கற ஓனருக்குக் கீழ, வருஷத்துக்கு ஒரு வூடு மாறற உனக்கு இந்த வண்டி பொருத்தம்தான். நான் இல்லைங்கல.

ஒண்ணு மட்டும் மறந்துட்டேன். திருப்பதியில வூடு இருந்தாலே அது வூடு இல்ல, சத்திரம். நம்ம சொந்தக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் மொட்டை பாக்கி கீது, லட்டு பாக்கி கீது. இதுவரைக்கும் மே மாசத்துல உன் மேல்மச்சு அனலுக்கு பயந்து தேவஸ்தான ரூமுக்கு வரிசையில நின்னாங்க. உன் வூட்ல ஏசின்னு ஒரு வார்த்தை வெளிய போகட்டும், ஆரணி, வாலாஜா, குடியாத்தம் மொத்தமும் உன் பெட்ரூம்ல பாய் போடும். சும்மா படுத்துக் கெடக்கற மனுஷன் ஒவ்வொருத்தனும் 70, 80 வாட்டு சூடு வுட்டுகினே இருப்பான், பத்து பேருன்னா ஒரு இஸ்திரிப் பொட்டி. உன் உருட்டு வண்டி அவங்க சூட்டை வாரவே ராத்திரி பூரா ஓடும். போன வாரம் உங்க அத்தை கேட்டா, "பையன் ஏதோ மிஷின் வாங்கறானாமே"ன்னு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. மருமவள அந்த நெல்லூர் மாங்கா ஊறுகா ரெண்டு பாட்டில் குடுத்தனுப்பச் சொல்லு, அப்புறம் யோசிக்கறேன்.