சாப்பாட்டு மேசையில் உலகத் தொடர்: பேஸ்பால் மறுஆட்டம் பற்றிய ஓர் ஆய்வு

முடிந்துபோன பேஸ்பால் தொடர் ஒன்றை, அதில் ஆடியவர்களின் புள்ளிவிவரங்களை அட்டைகளில் ஏற்றி, பகடை உருட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் மறுபடியும் ஆடிப் பார்ப்பது மறுஆட்டம் எனப்படும். ஆடுபவர் மறுஆட்டக்காரர். அவருக்குச் சம்பளம் கிடையாது, பார்வையாளர் கிடையாது, பல வேளைகளில் எதிராளியும் கிடையாது. இரண்டு அணிகளுக்கும் அவரே மேலாளர், அவரே நடுவர், ஸ்கோர் எழுதுபவரும் அவரே.

இது சூதாகுமோ எனின், ஆகாது. தோற்பவர் கையும் வெல்பவர் கையும் ஒரே சட்டைப்பைக்குள் போவதால். பொழுதுபோக்காகுமோ எனின், அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. பொழுதைப் போக்குபவர் எவரும் இவ்வளவு கடுகடுப்பாக உட்கார்ந்திருப்பதில்லை. மேல்முறையீடு என்பதே இதற்கு ஏற்ற பெயர். மைதானத்தில் வந்த தீர்ப்பை ஏற்க மனமில்லாத ஒருவர், மூன்று பகடைகள் கொண்ட அமர்வின்முன் வழக்கை மறுபடி எடுத்துச் செல்கிறார்.

இந்த நீதிமன்றம் ஒரே நாளில் உருவானதன்று. 1941-இல் ஈத்தன் ஆலன் என்ற முன்னாள் ஆட்டக்காரர் வடிவமைத்த 'ஆல் ஸ்டார் பேஸ்பால்' வெளிவந்தது. அதில் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வட்டத் தகடு. ஹோம் ரன்னுக்கு இவ்வளவு, அவுட்டுக்கு இவ்வளவு என்று அதன் விளிம்பு பாகம் பிரிக்கப்பட்டிருக்கும். நடுவில் சுழலும் முள் நின்ற இடமே முடிவு. பந்தெறிபவர் மகா மேதையா, நேற்று வந்தவரா என்பது முள்ளுக்குத் தெரியாது. 1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரிலிருந்து டிக் சைட்ஸ் விற்கத் தொடங்கிய 'ஆப்பா', முள்ளை விட்டுப் பகடைக்கு மாறியது. அதில் இரண்டு பகடைகளின் எண்களைக் கூட்டுவதில்லை; பக்கத்தில் பக்கம் வைத்து 11 முதல் 66 வரை படிக்க வேண்டும். 66 விழுந்தால் மட்டையாளருக்குத் தாயம் விழுந்த மாதிரி.

பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாக எண்ணும் புக் கிரிக்கெட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் தூரத்து உறவு. அதில் தொடக்க மட்டையாளரும் பதினோராவது ஆளும் திறப்பது ஒரே வரலாற்றுப் பாடப்புத்தகத்தைத்தான். புத்தகம் ஆள் பார்ப்பதில்லை. மறுஆட்டத்தில் அட்டை ஆள் பார்க்கும். அதுதான் அதன் பெருமையும் தலைவலியும்.

இவ்வகையில் இன்று பெரும்பேர் பெற்றது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஹால் ரிச்மன் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்'. சுழலும் முள்ளின் மேல் சிறுவயதிலேயே நம்பிக்கை இழந்து பகடை உருட்டத் தொடங்கியவர் அவர். பின்னாளில் தந்தையிடம் கடன் வாங்கினார். ஆட்டம் விற்காவிட்டால் குடும்பத்தின் காப்பீட்டுத் தொழிலில் சேர்ந்துவிடுவதாகப் பேச்சு. ஆட்டம் விற்றது. காப்பீட்டுத் துறைக்கு நேர்ந்த இழப்பை எவரும் கணக்கிடவில்லை.

இதன் நடைமுறை வருமாறு. பகடைகள் மூன்று, அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறம். நிறம் மாறிய பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையில் அந்த எண்ணுள்ள பத்தியைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையில். ஆக, நடக்கும் எதற்கும் பாதிப் பொறுப்பு அடிப்பவருக்கு, பாதி எறிபவருக்கு. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை, 2 முதல் 12 வரை, எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. ஒரு பத்தியின் 7-ஆம் வரி வருவதற்கு வாய்ப்பு 36-இல் 1. 2-ஆம் வரி வருவதற்கு 216-இல் 1. வரி சில வேளை 'பந்து இன்ன தடுப்பாளரிடம் போகிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அப்போது இருபது முகப் பகடை ஒன்றும் உருளும். தடுப்பாளரின் திறமைக்கு 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு காணப்படும். 1 சிறந்தது, 5 மோசமானது. படிப்பில் ரேங்க் வாங்குவது போல என்று கொள்க.

கணினி இதே வேலையை நொடியில் முடித்துவிடும். அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஐபிஎம் 1620 கணினியில் பேஸ்பால் ஆடவைக்கப்பட்டது. ஆசாரமான மறுஆட்டக்காரர் இதை ஏற்பதில்லை. பகடை உருளும் சத்தம் இல்லாத இடத்தில் தீர்ப்பு வரலாம், விசாரணை நடந்ததாகாது என்பது அவர் கட்சி.

மறுஆட்டத்துக்குப் பொது அங்கீகாரம் கிடைத்த நாள் 1981 ஜூலை 14. அன்று கிளீவ்லண்டில் நடக்க வேண்டிய ஆல் ஸ்டார் ஆட்டம், ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் நின்றுபோனது. அதே மைதானத்தில், அதே நாளில், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பெட்டியைத் திறந்து ஆட்டம் உருட்டி முடிக்கப்பட்டது. பகடைகள் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. 2020-இல் கொரோனாவால் பருவம் தள்ளிப்போனபோதும் அவை தவறாமல் பணிக்கு வந்தன.

மேல்முறையீட்டுக்கு மிகப் பொருத்தமான வழக்கு 1986-ஆம் ஆண்டின் உலகத் தொடர். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர் பட்டம் கொள்ளும் இத்தொடரில், முறையான பருவத்தில் 108 ஆட்டங்களை வென்ற நியூயார்க் மெட்ஸும், 95 வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதின. பாஸ்டன் கடைசியாக இப்பட்டத்தை வென்றது 1918-இல். முதல் இரண்டு ஆட்டங்கள் பாஸ்டனுக்கு, அடுத்த இரண்டு நியூயார்க்குக்கு, ஐந்தாவது பாஸ்டனுக்கு. அக்டோபர் 25 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஆறாவது ஆட்டம். கூடுதல் இன்னிங்ஸான பத்தாவதில் பாஸ்டன் 5-3 என்று முந்தியது. நியூயார்க்கின் முதல் இருவர் அவுட்; இன்னும் ஒருவர் போனால் பட்டம் பாஸ்டனுக்கு. பேஸ்களில் எவரும் இல்லை. மைதானத்தின் மின்பலகை பாஸ்டனுக்கு வாழ்த்துச் சொல்லி அவசரப்பட்டது.

பிறகு நடந்தது பள்ளிப்பிள்ளைகள்கூட ஒப்பிக்கும் பகுதி. கேரி கார்ட்டர் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை சேர்க்கும் அடி), கெவின் மிட்சல் ஒரு சிங்கிள், ரே நைட் ஒரு சிங்கிள், 5-4. பந்தெறிந்த ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லி வந்தார். அவர் எறிந்த ஒரு பந்து கேட்ச்சருக்கு எட்டாமல் போனதில் மிட்சல் ஓடிவந்தார், 5-5. அடுத்து மூக்கி வில்சன் அடித்தது சவலைப் பந்து. தத்தித் தத்தி முதல் பேஸ் பக்கம் உருண்டது. அங்கே நின்ற பாஸ்டனின் பில் பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து வெளியேறியது. நைட் ஓடிவந்தார், 6-5. ஏழாவது ஆட்டத்தை நியூயார்க் 8-5 என்று வென்று பட்டத்தையும் கொண்டது. பாஸ்டன் அடுத்துப் பட்டம் வென்றது 2004-இல்.

இவ்விடத்தில் வழக்கின் குறிப்பிலேயே ஒரு பிழை இருப்பதைச் சுட்ட வேண்டும். பந்து பக்னரின் கால்களுக்கிடையே போனபோது ஆட்டம் ஏற்கெனவே சமன். அவர் அதைப் பிடித்திருந்தால் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவே. வில்சனின் ஓட்டத்தைப் பார்க்கையில் பிடித்திருந்தாலும் அவுட்தானா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. போதாக்குறைக்கு, இதே தொடரின் முதல் ஆட்டத்தில், பாஸ்டன் 1-0 என்று வென்றபோது விழுந்த ஒரே ஓட்டமும், நியூயார்க்கின் டிம் டியூஃபல் கால்களுக்கிடையே பந்து போனதால் வந்ததுதான். கால்கள் இரண்டு ஜோடி. பழி ஒரு ஜோடிக்கே. பக்னரின் வாழ்நாள் ஹிட்கள் 2,715. 1980-இல் தேசிய லீக்கின் மட்டையாட்டப் பட்டம் அவருடையது. மக்கள் மன்றத்தில் இவை சான்றாக ஏற்கப்படவில்லை.

இனி மறுஆட்டக்காரரின் இடர்ப்பாடுகள். முதலாவது, பின்புத்தி. பாஸ்டன் மேலாளர் ஜான் மக்னமாரா, அதே தொடரில் முன்னிலை கிடைத்த ஆட்டங்களின் கடைசியில், கணுக்கால் நோவோடு ஆடிய பக்னரை உட்கார வைத்து டேவ் ஸ்டேப்பிள்டனை முதல் பேஸில் நிறுத்தியவர். ஆறாவது ஆட்டத்தில் மட்டும் நிறுத்தவில்லை. மேசையில் அமர்ந்தவருக்கு இது தெரியும். ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்ததும் கை தானாக ஸ்டேப்பிள்டனின் அட்டைக்குப் போகிறது. மாற்றலாமா? மாற்றக்கூடாது, மக்னமாரா செய்ததையே செய்ய வேண்டும் என்பர் ஒரு சாரார். அற்றேல் மறுஆட்டம் எதற்கு, பழைய செய்தித்தாளைப் படித்தால் போதாதா என்பர் மறு சாரார். இரு சாராரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதால் விவாதம் நெடுநேரம் நீடிக்கும். தட்டில் சோறு ஆறும்.

இரண்டாவது, கொப்புளம். அந்த ஆண்டு 24 வெற்றி, 4 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்த ரோஜர் கிளெமன்ஸ், ஆறாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்ததோடு வெளியேறினார். அப்போது பாஸ்டன் 3-2 என்று முன்னே. விரலில் கொப்புளம், அவரே கேட்டு வெளியேறினார் என்றார் மக்னமாரா. கேட்கவேயில்லை என்றார் கிளெமன்ஸ். அட்டைக்கு விரல் கிடையாது. ஆகவே கொப்புளம் வந்ததாகக் கொள்வதா, கொள்ளாமல் கிளெமன்ஸைத் தொடரவிடுவதா என்பதை மேசையே தீர்மானிக்க வேண்டும். மருத்துவச் சான்று கேட்கவும் வழியில்லை.

மூன்றாவது, மழை. ஏழாவது ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளி அக்டோபர் 27-இல் நடந்தது. கிடைத்த ஓய்வால், ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை வென்ற புரூஸ் ஹர்ஸ்ட்டையே மறுபடி பந்தெறிய அனுப்பப் பாஸ்டனால் முடிந்தது. இல்லாவிட்டால் 'ஆயில் கேன்' பாய்ட் எறிந்திருப்பார். மின்விசிறியின் கீழுள்ள மேசையில் மழை பெய்யாது. பெய்ததாகப் பாவித்து ஒரு நாள் பகடையைத் தொடாமல் காத்திருப்பது உத்தமம். அப்படிக் காத்திருப்பவரை வீட்டார் கொஞ்சம் தள்ளியிருந்தே கவனிப்பார்கள்.

பகடை புத்தகத்தில் சாய்ந்து கோணலாக நின்றால், மேசைக்கடியில் ஓடிவிட்டால் என்ன செய்வது என்பன சில்லறைச் சிக்கல்கள். மறுபடி உருட்டுக என்பதே பொது விதி. உருட்டுவதற்கு முன் கீழே குனிந்து எண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்பது துணை விதி. அது பின்பற்றப்படுகிறதா என்பதற்குச் சாட்சி இல்லை. பகடை சொன்னபின் அதை மீறலாகாது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை கிடையாது. ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய நாவலொன்றில், கற்பனை லீக் நடத்தும் கணக்கர், பகடை விழுந்த விதத்தால் தம் அருமை ஆட்டக்காரர் இறந்துபோகத் துக்கம் காக்கிறார். மறுபடி உருட்ட அவருக்குத் தோன்றவில்லை. துறையில் உள்ளவர்கள் இதை மிகையாகக் கருதுவதில்லை.

வரலாறு அப்படியே திரும்ப வருமா என்பதற்குக் கணக்கு உண்டு. இரு அணிகளும் சமபலம் என்று கொண்டால், தொடர் ஏழு ஆட்டம் வரை போவதற்கே வாய்ப்பு 31.25 விழுக்காடு. 1986-இல் வென்றவர் வரிசை அச்சுப் பிசகாமல் வருவதற்கு 128-இல் 1. சராசரியாக ஒரு தொடருக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவான ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு அரை மணி நேரம். அன்றாடம் மாலையில் இரண்டு மணி நேரம் உருட்டுபவர் அந்த வரிசையைக் காணச் சராசரியாக 186 மாலைகள் ஆகும். அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். உண்மையான பேஸ்பால் பருவம் ஒன்றின் நீளம். வரிசை வந்தாலும் போதாது. இரண்டு அவுட்டுக்குப் பின் தொடர்ந்து மூன்று சிங்கிள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும் 64-இல் 1. அதன்பின் பந்து கேட்ச்சரைத் தாண்ட வேண்டும். அதன்பின் வில்சன் முதல் பேஸ் பக்கமே அடிக்க வேண்டும்.

இதிலிருந்து பெறப்படுவது, மறுஆட்டக்காரர் ஒருவரும் வெளியே சொல்லாத ஒன்று. பாஸ்டன் வெல்லும் மறுஆட்டங்கள் ஏராளம்; பக்னரை விடுவிக்கும் மறுஆட்டம் கிடையாது. பாஸ்டன் ஐந்தே ஆட்டத்தில் வென்றுவிடும். அல்லது ஆறாவதில் கார்ட்டர் மூன்றாவது அவுட்டாவார். அல்லது நியூயார்க் நான்கையும் வாரிச் சுருட்டும். எதிலும் அந்தப் பந்து அந்த நேரத்தில் அந்தக் கால்களை நோக்கி வருவதில்லை. மேல்முறையீடு செய்தவர் வாசலில் காத்திருக்க, வழக்கு எண் கூப்பிடப்படாமலே நீதிமன்றம் கலைகிறது. அட்டைகள் அணிவாரியாகப் பிரிக்கப்பட்டு ரப்பர் பேண்ட் போடப்படுகின்றன.

அந்தப் பந்தை வரவழைத்த முயற்சி ஒன்று உண்டு. 2006-இல் நின்டெண்டோ கருவியில் ஆடும் பழைய 'ஆர்.பி.ஐ. பேஸ்பால்' விளையாட்டில், அந்தப் பத்தாவது இன்னிங்ஸை ஒவ்வொரு பந்தாக நடந்தபடியே ஆடி, வின் ஸ்கல்லியின் தொலைக்காட்சி வர்ணனையை அதன்மேல் பொருத்திய காணொளி வெளியானது. அதில் பகடை இல்லை; விரல்தான். மூன்று சிங்கிளும் வருகின்றன, தாண்டிய பந்தும் வருகிறது, வில்சனின் சவலைப் பந்தும் முதல் பேஸை நோக்கித் தத்தி வருகிறது. ஆனால் முதல் பேஸில் நிற்பவர் பந்தைப் பிடித்துவிட்டால், அதுவரை ஆடியதெல்லாம் வீண். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.