புளி போட்டுத் தேய்த்த ராஜா

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு எங்கள் வீட்டில் வருடம் ஒருமுறை குளியல் உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளத்தோடு அவரையும் உட்கார வைத்து, புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் பூசிக் கழுவி, சாமி மாடத்தில் வைப்பார் அப்பத்தா. வருடா வருடம் தேய்த்ததில் மன்னரின் தாடி போயிற்று, கிரீடத்து மணிகள் போயின. "என்னமா மின்னுது பாருய்யா!" என்பார். மின்னியது உண்மைதான்; ராஜாதான் யாரென்று தெரியவில்லை.

இன்று அதே வெள்ளி ரூபாயைச் சேகரிப்பாளரிடம் நீட்டினால் முதல் கேள்வி, "கழுவினீங்களா சார்?" என்பதுதான். கழுவியிருந்தால் முகம் சுருங்கும், விலையும் சுருங்கும். நூறு வருடக் கறுப்புக்கு இப்போது அவ்வளவு மரியாதை.

தாத்தா காலத்தில் கம்பத்துக் கடைக்காரர் காசைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்ப்பார். கல்லாப் பலகையில் சுண்டிப் போடுவார். கணீர் என்றால் உள்ளே. சொத்தென்று விழுந்தால் கொடுத்தவன் கைக்கே திரும்பும். தராசில் அது படிக்கல்லாகவும் உட்கார்ந்தது. ஒரு ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, 11.66 கிராம். நாட்டு வைத்தியர் திப்பிலியையும் சுக்கையும் ரூபாயை வைத்துத்தான் நிறுத்தார். இப்போது சின்னமனூரில் என் தங்கை மகன் ரூபாயையே நிறுக்கிறான். கிராமுக்கு இரண்டு தசமம் காட்டும் மின்தராசு வைத்திருக்கிறான்.

போன மாதம் தபாலில் வந்த காசுகளைக் கொண்டுவந்தான்.

"மாமா, எக்ஸ்எஃப்னு, அதான் தேய்மானம் ரொம்பக் கம்மின்னு, போட்டு அனுப்பியிருக்கான்."

"விக்கிறவனே மார்க் போட்டா எல்லாருமே பாஸ்தான்டா மாப்ள."

போடி ஏலக்காய் வியாபாரி ஒரு கை அள்ளி, நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை சொல்வாரே, அந்த மாதிரி இதற்கும் கண் பழக வேண்டும். காசில் எது மேடோ அதுதான் முதலில் தேயும்: கிரீடம், காது, தாடி, அங்கியின் பூவேலை. அங்கே கோடுகள் துல்லியமாக இருந்தால் காசு அதிகம் கைமாறவில்லை. விளிம்பின் வரிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வார்ப்புப் போலியில் அங்கே ஒட்டுக்கோடு தெரியும். காது வைத்துக் கழுத்தில் போட்ட காசு என்றால் பற்றவைத்த தழும்பு இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை.

அவன் கொண்டுவந்ததில் ஒன்று 1911 ரூபாய். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் அந்த அச்சு கைவிடப்பட்டு, 1912இல் யானைக்குத் தும்பிக்கை ஒழுங்காக வரையப்பட்டது. அன்று பலர் தொடக் கூசிய காசை இன்று தேடி அலைகிறார்கள். இன்னொன்று, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி அணா. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் என்று கதை கட்டி லட்சக்கணக்கில் ஏமாற்றுவதற்கும் இந்த ரகம்தான் உதவுகிறது. "பக்தியாவது மிஞ்சும், வச்சுக்க" என்றேன்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பெரிய காசுக்கதை போடியில் இருக்கிறது. அங்கே ஒரு புதையலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் கிடைத்தன. பின்பக்கத்து மீன் சின்னத்தை வைத்துப் பாண்டியருடையவை என்கிறார்கள். அந்தப் புதையலைப் பற்றி எழுதியவர்களில் கணித அறிஞர் டி.டி. கோசாம்பியும் ஒருவர். கைமாறும் ஒவ்வொரு முறையும் காசு துளித்துளியாக எடை இழக்கும் என்று, தட்சசீலக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எது எவ்வளவு காலம் புழங்கியது என்று கணக்குப் போட்ட மனிதர் அவர். தேய்மானம் அவருக்குச் சரித்திரம், சேகரிப்பாளருக்குக் குறை. சந்தைக்கே போகாமல், ஒருவர் பசியையும் ஆற்றாமல் பெட்டியில் கிடந்த காசுக்குத்தான் யு.என்.சி., அதாவது புழங்காதது, என்ற பட்டமும் மேல்விலையும்!

பேராசைக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி நாணயம் லட்சம் பெறும் என்று கைப்பேசியில் இன்னமும் செய்தி சுற்றுகிறது. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

செத்துப்போன ராஜாவின் காசுக்கு இத்தனை பரிசோதனை. பளபளவென்று இருக்கும் நம் பத்து ரூபாய் நாணயத்தைப் பெட்டிக்கடையில் நீட்டினால், சுண்டிக்கூடப் பார்க்காமல் "இது செல்லாதுண்ணே" என்கிறார்கள். அதுவரை வந்த அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. கடைக்கார அண்ணாச்சிகளே, தயவுசெய்து வாங்கிக் கல்லாவில் போடுங்கள்.